வாசகர் கேள்வி – பதில்: கடல்நீர்த் தொட்டியில் கற்களை மாற்றி அடுக்குவது எப்படி?

சென்ற இதழில் கடல்நீர்த் தொட்டியின் உப்பளவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொட்டிக்குள் இருக்கும் கற்களைப் பற்றியே கேட்டிருந்தமையால், இம்முறை அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நன்னீர்த் தொட்டி பற்றி எழுதியவர்களுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

கேள்வி: ஐயா, வணக்கம். எங்கள் வீட்டில் 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட கடல்நீர்த் தொட்டி இரண்டரை ஆண்டுகளாக இருக்கிறது. சுமார் 30 கிலோ லைவ் ராக் (நுண்ணுயிர்களும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் கடற்கல்) பின்பக்கக் கண்ணாடியை ஒட்டிச் சுவர் போல அடுக்கப்பட்டுள்ளது. அந்தச் சுவருக்குப் பின்னால் சாம்பல் நிற அழுக்கு சேர்ந்துகொண்டே இருக்கிறது. நைட்ரேட் குறைவதே இல்லை. போதாக்குறைக்கு, ஒரு டாம்சல் மீன் நடுப்பகுதிப் பொந்தைப் பிடித்துக்கொண்டு, புதிதாக எதை விட்டாலும் துரத்திக் கடிக்கிறது. கற்களையெல்லாம் வெளியே எடுத்து நன்றாகக் கழுவி, வேறு மாதிரி அடுக்கிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?
– ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை

பதில்: மாற்றி அடுக்கலாம்; நீங்கள் சொல்லும் நிலையில் அது தேவையும்கூட. ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளியே எடுத்துக் கழுவ வேண்டாம்.

உங்கள் தொட்டிக்கு முதன்மையான வடிகட்டியாக இருப்பவை அந்தக் கற்கள்தாம். மீன்களின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி கற்களின் மேற்பரப்பிலும் நுண்துளைகளிலும் குடியிருக்கின்றன. ஆக்சிஜன் எளிதில் எட்டாத உட்பகுதியில் வாழும் வேறு சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றுகின்றன. 1960களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்களையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே நம்பிக் கடல் மீன்களை வளர்த்துக் காட்டினார். பின்னாளில் பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் உருவாக்கிய முறையும் கல், நல்ல நீரோட்டம், நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் என்ற மூன்றையே அடிப்படையாகக் கொண்டது. இன்று நாம் கடல்நீர்த் தொட்டிகளில் கல் வைப்பது அந்த வழியில் வந்த பழக்கம். குழாய்த் தண்ணீரில் அந்தக் கற்களைத் தேய்த்துக் கழுவினால், உப்பில்லாத நீரும் அதில் கலந்துள்ள குளோரினும் சேர்ந்து அந்தப் பாக்டீரியாக்களையும் கல்லின்மேல் வாழும் கடற்பஞ்சு, புழு, சிற்றுயிர்களையும் கொன்றுவிடும். அவை அழுகும்போது அம்மோனியா மேலும் உயரும். கடல்நீரின் பிஎச் அளவு 8.2-ஐ ஒட்டி இருப்பதால், அம்மோனியாவின் நச்சு வடிவம் நன்னீரில் இருப்பதைவிட அதில் கூடுதல் பங்கில் இருக்கும். சிறிதளவு ஏறினாலும் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து மூச்சு வாங்கத் தொடங்கிவிடும்.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாக் கற்களையும் எடுத்துத் தரையில் விரித்த செய்தித்தாளின்மேல் பரப்பி, அழகு பார்த்துப் பார்த்து அடுக்கி முடித்தபோது பிற்பகல் ஆகிவிட்டது. கற்களில் ஒட்டியிருந்த ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சுகள் காற்றுப்பட்டே செத்திருந்தன. திங்கட்கிழமை விடியற்காலையில் தொட்டியைத் திறந்ததும் வந்த வாடையை இன்னும் மறக்கவில்லை. நான்கு ஆண்டுகளாக என்னுடன் இருந்த கோபி மீன் ஒன்றும் இரண்டு இறால்களும் அன்று போயின. அந்த மீன் நம் கழிமுகத்து உளுவையின் உறவு. அன்றிலிருந்து கற்களை ஒரு நாளில் பாதிக்கு மேல் தொடுவதில்லை; மறுபாதிக்கு இரண்டு மூன்று வாரமாவது இடைவெளி விடுகிறேன். உங்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன். முதல் நாள் இடப்பக்கம், மூன்று வாரம் கழித்து வலப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலையைத் தொடங்குவதற்கு முந்தைய நாளே 60 லிட்டர் அளவுக்குப் புதிய உப்புநீரைக் கலந்து, ஒரு சிறிய பம்பைப் போட்டு இரவு முழுவதும் சுழல விடுங்கள். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு என்பது கணக்கு என்றாலும், இறுதி முடிவை ரிஃப்ராக்டோமீட்டர் என்னும் உப்பளவுமானியில் பார்த்துத் தொட்டியின் உப்பளவோடு ஒத்துப்போகச் செய்வதே முறை. கற்களை வைக்க இரண்டு பெரிய பிளாஸ்டிக் தொட்டிகள் வேண்டும். சோப்பு பட்ட துணி துவைக்கும் டப் ஆகாது. அவற்றில் உங்கள் மீன் தொட்டியின் நீரையே எடுத்து நிரப்பி, நிழலில் வையுங்கள். சென்னையின் வெயிலில் பால்கனியில் வைத்த டப் நீர் ஒரு மணி நேரத்தில் 30 டிகிரியைத் தாண்டிவிடும். கல்லில் வாழ்பவை அதைத் தாங்கா. மின்வெட்டு வந்தால் உதவ பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

கையை நீருக்குள் விடும் முன் எல்லா மின் இணைப்புகளையும் பிடுங்கிவிடுங்கள். உப்புநீரும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்கள் தொட்டி அளவில் 30 கிலோ கல்லையும் எடுத்தால் நீர்மட்டம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கும். நீங்கள் நீரை மொண்டு டப்பில் ஊற்றியதும் சேர்ந்தால் இன்னும் கீழே போகும். அப்போது பம்பு உலர்ந்து ஓடிக் கெடும். ஹீட்டர் வைத்திருந்தால் அதன் கண்ணாடி காற்றில் சூடேறி, மீண்டும் நீர் பட்டவுடன் வெடிக்கும்.

கல்லை எடுக்கும்போது உடனே வெளியே தூக்கிவிடாதீர்கள். நீர்ப்பரப்புக்குச் சற்றுக் கீழே அதைச் சாய்த்துப் பிடித்து, பத்து எண்ணும் வரை காத்திருங்கள். பொந்துக்குள் பதுங்கியிருக்கும் சிறிய மீன் அந்த நேரத்தில் நழுவி வெளியே ஓடும். அவசரப்பட்டுத் தூக்கினால் அது கல்லோடு டப்புக்குப் போய்விடும், அல்லது தரையில் விழும். அதனால்தான் வேலை முடிந்ததும் டப்பின் அடியை ஒரு டார்ச்சு அடித்துப் பார்க்காமல் நீரைக் கொட்டவே கூடாது. மணலுக்குள் புதைந்து உறங்கும் ராஸ் மீன் உங்களிடம் இருந்தால், விளக்கு எரிந்து அது எழுந்து நீந்தும் நேரத்தில் மட்டும் கற்களை வையுங்கள். இரவில் வைக்கும் கல் அதை நசுக்கிவிடக்கூடும்.

இனி அடுக்கும் முறைக்கு வருவோம். சுவர் அமைப்பை விட்டுவிட்டு, இடப்பக்கம் பெரியதும் வலப்பக்கம் சிறியதுமாக இரண்டு தீவுகளாக அமைப்பதே உங்கள் தொட்டிக்குப் பொருந்தும். எல்லாப் பக்கக் கண்ணாடிகளிலிருந்தும் குறைந்தது 7 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். கண்ணாடி துடைக்கும் காந்தம் தடையின்றிப் போகவும், பின்பக்கம் நீர் சுழன்று அழுக்கை மேலே கிளப்பவும் அது போதும். நீங்கள் சொல்லும் சாம்பல் அழுக்கு சேர்வதற்குக் காரணம் அந்தச் சுவருக்குப் பின்னால் நீரோட்டமே இல்லாததுதான். அடுக்கி முடித்த பிறகு சிறிது தீனியைத் தூவி, அது எங்கெங்கு போய்த் தங்குகிறது என்று பாருங்கள். தங்குகிற இடத்தை நோக்கி நீரோட்டப் பம்பைத் திருப்புங்கள்.

அடிக்கற்களை மணலின்மேல் வைக்கக் கூடாது என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மணலை ஒதுக்கி, கல்லைத் தொட்டியின் அடிக்கண்ணாடியில் நேரடியாக உட்கார வைத்து, பிறகு மணலைச் சுற்றி நிரப்புங்கள். கோபிகளும் அவற்றோடு கூட்டாக வாழும் பிஸ்டல் இறால்களும் ஓயாமல் கல்லின் அடியில் குழி பறிப்பவை. மணலில் நின்ற கல் இன்று உறுதியாகத் தோன்றும். மூன்று மாதத்தில் அதன் ஒரு கால் காற்றில் தொங்கும். ஒரு நள்ளிரவில் சரிந்து கண்ணாடியில் மோதும். அடிக்கண்ணாடியில் கூர்முனை அழுத்துமே என்ற கவலை இருந்தால், பிவிசி குழாயை 2 சென்டிமீட்டர் வளையங்களாக நறுக்கிக் கால்களாகக் கொடுக்கலாம். மேலே வைக்கும் ஒவ்வொரு கல்லும் கீழே உள்ளதன்மேல் மூன்று இடங்களிலாவது தொட்டு நிற்க வேண்டும். விரலால் தள்ளிப் பார்த்து ஆடினால், திருப்பிப் போட்டு வேறு முகத்தில் வைத்துப் பாருங்கள். ஆடும் கல்லைப் பசையால் சரிக்கட்ட நினைக்காதீர்கள். வளைவோ குகையோ வேண்டுமென்றால் மட்டும், கல்லில் துளையிட்டு அக்ரிலிக் கம்பியைச் செருகி, மீன் தொட்டிக்கென விற்கப்படும் எபாக்சி பசையால் இறுக்கலாம். ஒட்டிய அமைப்பைத் தூக்கும்போது அடியில் கைகொடுத்துத் தூக்குங்கள். நீருக்குள் எடை குறைவாகத் தோன்றும் கல், வெளியே வந்ததும் தன் முழு எடையில் ஒட்டிய இடத்தை முறித்துவிடும்.

மணலைக் கிளறாமல் செய்ய முடிந்த அளவு செய்யுங்கள். ஓரிடத்தில் கருமை படர்ந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால், அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அந்தப் பகுதியை மட்டும் குழாய் போட்டு உறிஞ்சி வெளியேற்றிவிடுங்கள், தொட்டி முழுக்கக் கலக்க வேண்டாம். முடிவில் டப்பின் அடியில் தங்கிய சகதி நீரைக் கொட்டிவிட்டு, அதற்கு ஈடாகப் புதிய உப்புநீரை ஊற்றுங்கள். அடுத்த ஏழு நாட்கள் தினமும் அம்மோனியாவைச் சோதித்து, தீனியைப் பாதியாகக் குறையுங்கள்.

உங்கள் டாம்சலைப் பொறுத்தவரை, இந்த வேலை உண்மையிலேயே உதவும். அது காத்து நின்றது ஒரு குறிப்பிட்ட பொந்தையும் அதைச் சுற்றியுள்ள எல்லையையும். அடையாளங்கள் கலைந்ததும் அதுவும் மற்ற மீன்களைப் போலவே புதிதாக இடம் தேட வேண்டியிருக்கும். புதிய மீனை விடுவதானால், இரண்டாம் பாதியை மாற்றிய அன்றே, விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். இருந்தாலும் சில வாரங்களில் டாம்சல் தன் குணத்துக்குத் திரும்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி நடந்தால், கற்களை மறுபடி கலைக்காமல், அந்த ஒரு மீனைக் கடைக்குத் திருப்பிக் கொடுப்பதே மற்ற எல்லாவற்றுக்கும் நல்லது.

கேள்வி: அம்மோனியா பயத்தால் நான் கற்களை நகர்த்துவதில்லை. ஆனால் பச்சைப் பாசி நூல் நூலாகப் படர்ந்துவிட்டது. ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொதிக்கும் நீரில் போட்டால் சுத்தமாகிவிடும் என்று என் தம்பி சொல்கிறான். சரியா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள், அம்மா. மீன்களுக்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் குடும்பத்துக்காகவும் சொல்கிறேன். லைவ் ராக்கில் ஒட்டி வளரும் பாலிதோவா என்ற மெத்தென்ற பழுப்பு நிற உயிரினத்தில் பாலிடாக்சின் என்னும் மிகக் கொடிய நஞ்சு இருக்கக்கூடும். அப்படிப்பட்ட கல்லை அடுப்பில் கொதிக்க வைத்தபோது எழுந்த ஆவியை மூச்சில் இழுத்தவர்கள் காய்ச்சலும் இருமலும் மூச்சுத் திணறலுமாகக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட நிகழ்வுகள் பல நாடுகளின் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. உங்கள் கல்லில் இருப்பது அந்த உயிர்தானா என்று வெறுங்கண்ணால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆகவே கொதிநீரும் வேண்டாம், கல்லைத் துடைக்க நீராவிக் கருவியும் வேண்டாம், தூரிகையால் காற்றில் தெறிக்கும்படி தேய்ப்பதும் வேண்டாம்.

பாசி உள்ள கல்லை ஒரு வாளியில் உள்ள தொட்டி நீருக்குள்ளேயே மூழ்கியபடி வைத்து, கையால் நூலைப் பிடித்துப் பிய்த்துவிட்டு, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் துடைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுக் கல்லைத் திரும்ப வையுங்கள். வாரத்துக்கு இரண்டு கற்கள் போதும். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறையும் கண்களைக் காக்கும் கண்ணாடியும் அணியுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று வேலையைத் தள்ளிப் போடுங்கள். மீன் தொட்டி நீரில் வாழும் மைக்கோபாக்டீரியம் மரைனம் என்னும் கிருமி காயத்தின் வழியே புகுந்து, வாரக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். அப்படி ஒரு புண் வந்தால், மருத்துவரிடம் மீன் தொட்டி வைத்திருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அந்த ஐயம் எழாமலே போகலாம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடற்கரையில் ஓட்டை ஓட்டையாகப் பவளக் கற்கள் ஒதுங்கிக் கிடக்கின்றன. அவை செத்தவைதானே? தொட்டிக்குச் சேர்த்து அடுக்கலாமா?
– ஒரு கல்லூரி மாணவர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: கூடாது, தம்பி. கடின பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள பாதுகாப்பு அவற்றுக்கும் உண்டு. செத்த பவளத்தை வைத்திருப்பதும் அந்தச் சட்டத்தின்படி குற்றமே, அதற்குச் சிறைத்தண்டனையும் உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா 1986இல் அமைந்தது. அதற்கு முன்னும் பின்னும் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் படகு படகாகப் பவளம் வெட்டப்பட்டது. அரணாக நின்ற பவளத்தை இழந்த பூவரசன்பட்டித் தீவும் விலாங்குச்சல்லித் தீவும் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. எஞ்சிய தீவுகளின் கரையைக் காப்பது நீங்கள் குனிந்து எடுக்க நினைக்கும் அந்தக் கற்களும்தான்.

உங்கள் தேவைக்கு வழி இருக்கிறது. களிமண்ணைச் சுட்டுச் செய்த செயற்கைப் பாறைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை தொடக்கத்தில் வெறும் கல்லாக இருக்கும். மீன்களை விடும் முன், உப்புநீரில் அம்மோனியா தரும் பொருள் ஒன்றைச் சேர்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு இறங்கும் வரை ஒன்றரை இரண்டு மாதம் பொறுத்திருக்க வேண்டும். பாக்டீரியாக்கள் ஏற்கெனவே குடியேறிய கல் துண்டு ஒன்றை நண்பரின் பழைய தொட்டியிலிருந்து வாங்கி வைத்தால் காலம் குறையும். மீனுக்கும் கடலைத் தேட வேண்டியதில்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கும் முறையை வகுத்துத் தந்திருக்கிறது. பண்ணையில் பிறந்த கோமாளி மீன், கடலில் அது அண்டி வாழும் கடல் சாமந்தி (அனிமோன்) இல்லாமலேயே செயற்கைப் பாறையின் ஒரு மூலையைத் தன் வீடாக்கிக்கொண்டு நன்றாக வாழும்.

கேள்வி: கற்களை மாற்றி அடுக்கிய பின் என் ஹாமர் கோரல் சுருங்கிக் கிடக்கிறது, லெதர் கோரல் மேல் மெழுகு போல ஏதோ படிந்திருக்கிறது. இரண்டையும் முன்பைவிட உயரத்தில் வைத்தேன். என்ன தவறு செய்தேன்?
– ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: (இந்திய வாசகர்கள் மேலே சொன்ன சட்டத்தை நினைவில் கொள்ளவும், ஹாமர் கோரல் கடின பவளம்.) லெதர் கோரலைப் பற்றிக் கவலை வேண்டாம். இடம் மாறினால் அது சில நாட்கள் மூடிக்கொண்டு, மேலே மெழுகு போன்ற தோலை உரிக்கும். அந்தத் தோல் தங்கிவிடாதபடி சற்றுக் கூடுதலான நீரோட்டம் படட்டும். தானே உதிர்ந்து மீண்டும் விரியும்.

ஹாமர் கோரலுக்கு உயரம்தான் சிக்கலாக இருக்கும். மேலே போகப் போக விளக்கின் ஒளி மிகும். பவளத்தின் திசுக்குள் வாழும் பாசிகள் அந்தத் திடீர் மாற்றத்துக்குப் பழகுவதற்கு நாளாகும். பழகுமுன்பே ஒளி மிகுந்தால், பவளம் அவற்றை வெளியேற்றி வெளுக்கத் தொடங்கும். இன்றே விளக்கின் அளவைப் பாதியாகக் குறைத்து, இரண்டு மூன்று வாரங்களில் சிறிது சிறிதாகப் பழைய அளவுக்குக் கொண்டு வாருங்கள்; அல்லது பவளத்தை மீண்டும் கீழேயே வைத்துவிடுங்கள். நான் இரண்டாவது வழியையே தேர்வேன், ஏனெனில் ஹாமர் கோரல் நடுத்தர ஒளியிலும் இதமான நீரோட்டத்திலும்தான் நன்றாக விரிகிறது. பம்பின் நேர் வீச்சு அதன்மேல் பட்டால், சதை எலும்புக்கூட்டின் விளிம்பில் உரசிக் கிழியும்.

இன்னொன்றையும் பாருங்கள். விளக்கணைந்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு ஒளி டார்ச்சால் தொட்டியை நோக்கினால், ஹாமரின் நடுவிலிருந்து மெல்லிய நூல் போன்ற நீண்ட கொடுக்குகள் நீரோட்டத்தில் அலைவதைக் காணலாம். பகலில் பார்க்கும்போது இரண்டு பவளங்களுக்கும் இடையில் போதிய இடம் இருப்பதாகத் தோன்றும். இரவில் அந்தக் கொடுக்கு பக்கத்துப் பவளத்தைச் சுட்டுவிடும். நீரோட்டம் போகும் திசையில் 15 சென்டிமீட்டருக்குக் குறையாத இடைவெளி விட்டு வையுங்கள்.

கேள்வி: மாற்றி அடுக்கி இரண்டு நாள் ஆகியும் நீர் கலங்கலாகவே இருக்கிறது. கற்களின் ஊதா நிறமும் சில இடங்களில் வெளுத்துவிட்டது. மீண்டும் எடுத்துச் சரிசெய்யவா?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எடுக்காதீர்கள். அம்மோனியா பூச்சியமாக இருந்து, மீன்கள் இயல்பாகத் தின்றுகொண்டிருந்தால், கலங்கல் வெறும் மணல் தூசிதான். வடிகட்டிப் பஞ்சைத் தினமும் மாற்றினால் இரண்டு நாளில் தெளியும். நீர் பால் போல வெண்மையாக மாறினால் மட்டும் அது பாக்டீரியாப் பெருக்கம். அப்போது காற்றுப் பம்பைக் கூடுதலாக ஓட விட்டு, தீனியை நிறுத்தி வையுங்கள். ஊதா நிறம் கல்லின்மேல் ஓடு போலப் படரும் ஒரு வகைச் செம்பாசி. அது காற்றில் உலர்ந்த இடங்களிலும், நிழலில் இருந்து திடீரென வெளிச்சத்துக்கு வந்த முகங்களிலும் வெளுப்பது வழக்கம். கால்சியமும் காரத்தன்மையும் சீராக இருந்தால், வெளுத்த இடத்தின் விளிம்பில் சில வாரங்களில் மிளகளவு ஊதாப் புள்ளிகள் தோன்றும். அவை ஒன்றோடொன்று சேர்ந்து கல்லை மூடச் சில மாதங்கள் ஆகும்.